அடிவயிற்றில் வைத்த கை

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ அனுப்பிய சளி மாத்திரையில் அப்பாவுக்கு மூக்கொழுகல் நின்றது. ஆனால் பத்து நாளாக ஆளே மாறிவிட்டார். என்னையே "யாரும்மா நீ?" என்கிறார். படுக்கையை நனைக்கிறார். நேற்று பக்கத்து வீட்டுக்காரர் மேல் தம்ளரை வீசினார். மானம் போகிறதடா. நீ ஊருக்கு வந்தே ஆறு வருஷமாகிறது. நீ டாக்டர், என்ன செய்யட்டும்?

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்கா,

எண்பது வயதாகிறது. மறதி, கோபம், படுக்கை நனைவது எல்லாம் சேர்ந்தால் மூளை தேய்கிறது என்றுதான் அர்த்தம். மனதைத் தேற்றிக்கொள். நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடு. உன் உடம்பு என்னாவது? சளி மாத்திரையை விடாமல் கொடு.

தம்பி

ஜூன் 27

மேதாவித் தம்பிக்கு,

இல்லத்தில் டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். அதற்காக வந்த தெருமுனை டாக்டரம்மா பையைக்கூடத் திறக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் அடிவயிற்றில் கையை வைத்தார். அப்பா அலறிவிட்டார்.

"சிறுநீர் ஒழுங்கா போகுதா?"

"போகாம என்ன? நாள் பூரா படுக்கையிலதான்" என்றேன்.

"அது போறது இல்லைங்க, நிரம்பி வழியறது. புதுசா என்ன மாத்திரை குடுக்கறீங்க?"

காட்டினேன்.

"வயசான ஆம்பளைங்களுக்கு இது சிறுநீரை அடைச்சிடும், புத்தியையும் குழப்பும். இதை நிறுத்திட்டு, குழாய் போட்டு, நாலு நாள் பார்ப்போம். என் கணக்கு தப்புன்னா சான்றிதழ் நானே எழுதித் தரேன்."

மூன்றாம் நாள் காலையில் அப்பா என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அடுப்படிக்குப் போய் அழுது தீர்த்தேன். இந்த மனுஷனையா அனுப்பிவைக்க இருந்தோம்! உன் மேல் எனக்குக் கோபம்தான்.

அக்கா

ஜூலை 8

அக்கா,

எந்த நோயாளிக்கும் நான் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொன்னதில்லை. அப்பாவுக்கு மட்டும் அப்படிச் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் வருகிறேன். மாத்திரை விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம். எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பேன்?

தம்பி

ஜூலை 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே உளறிவிட்டேன். என் வாய் சும்மா இருக்குமா? அப்பா, "அவனா தப்புப் பண்ணிட்டான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது, தம்பி.

"அப்போ வருவான்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் முகச்சவரம் செய்துகொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா