திருப்பி மாட்டிய சக்கரங்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று என் மாடல் வண்டி அலமாரியைத் துடைத்தேன். பதினோரு டிராக்டர்கள், ஓர் அறுவடை இயந்திரம், இரண்டு கலப்பைகள், மூடி தொலைந்த ஒரு விதைப்புப் பெட்டி. தூசி தட்ட அக்காவின் பழைய பவுடர் பிரஷ்தான் சரி. "என் மூஞ்சிக்கு வாங்கினது உன் டிராக்டர் மூஞ்சிக்குப் போயிடுச்சு" என்கிறாள். அவள் மூஞ்சியைவிட டிராக்டர் மூஞ்சி வேகமாகச் சுத்தமாகிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவளிடம் இன்னொரு பிரஷ் இருக்கிறது, அதுவும் எனக்கு வர வேண்டும்.

ஆரஞ்சு டிராக்டரைக் கடைசியில்தான் எடுத்தேன். பண்ணையில் அப்பா ஓட்டும் அதே வண்டி, பதினாறில் ஒரு பங்கு அளவில். போன பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்தது. பெரியது போன மாதம் குளத்துக் கரையில் கவிழ்ந்தது. அப்பா குதித்துவிட்டார், ஆனால் இடது கால் மாட்டிக்கொண்டது. இப்போது கூடத்துக் கட்டிலில் கட்டோடு படுத்திருக்கிறார். அவர் கண்ணில் படாமலிருக்க ஆரஞ்சு டிராக்டரை மட்டும் கடைசித் தட்டில் பின்னால் வைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

பண்ணையிலிருந்து கடிதம் வந்தது. அம்மா தையல் கடைக்குப் போகும் அவசரத்தில் நின்றுகொண்டே உரக்கப் படித்தாள். "பதினெட்டு டிகிரி மிதமான சரிவில், நிரம்பிய தண்ணீர் டேங்கருடன், அதிவேகமாகத் திருப்பியதால் வண்டி கவிழ்ந்ததாகத் தெரிகிறது." 24ஆம் தேதி விசாரணை. மேலாளர் கையெழுத்து. வேகம் என்று முடிவானால் வேலை போய்விடும். அதைக் கடிதம் சொல்லவில்லை, அம்மாவின் முகம் சொன்னது.

அம்மா போனதும் கேட்டேன்.

"அப்பா, வேகமாவா போனீங்க?"

"விடும்மா."

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 6, வெள்ளி

"இல்லை" என்று சொல்ல ஒரு நொடி போதாதா? அவர் ஏன் சொல்லவில்லை?

மார்ச் 8, ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

வரைபடப் பலகையின் ஒரு பக்கத்துக்கு அடியில் புத்தகங்களை அடுக்கினேன். கோணமானி வைத்துப் பதினெட்டு டிகிரிக்குக் கொண்டுவந்தேன். அகராதியும் ஒரு புவியியல் புத்தகமும் போதும். பண்ணையில் அப்பா போன மாதிரியே ஆரஞ்சு டிராக்டரைச் சரிவின் குறுக்கே நிறுத்தி, பின்னால் தண்ணீர் ஊற்றிய டேங்கரை மாட்டினேன்.

அசையவே இல்லை. பாறை மாதிரி நின்றது.

இன்னும் புத்தகம் வைத்தேன். இருபத்தைந்து டிகிரியிலும் நின்றது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சாய்த்த பிறகுதான் மேல்பக்கச் சக்கரம் தூக்கியது.

அப்படியென்றால் பதினெட்டில் தானாகக் கவிழ வாய்ப்பே இல்லை. வேகமாகத் திருப்பினால்தான் கவிழும். அப்படியென்றால் மேலாளர் எழுதியது சரி. அப்படியென்றால் அப்பா —

முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகச் சோதனையைத் திரும்பச் செய்யக் கூடாது என்று அறிவியல் டீச்சர் சொல்வார். நான் ஆறு முறை செய்தேன்.

மார்ச் 9, திங்கள்

அப்பாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினேன். வானிலைப் பகுதியில் "லேசான மழைக்கு வாய்ப்பு" என்றதும், "அப்ப குடை வேண்டாம், இவங்க சொன்னா வெயில்தான்" என்றார். வழக்கமாக அந்த இடத்தில் நான் சிரிப்பேன். இன்று சிரிப்பு வரத் தாமதமாகிவிட்டது. அவர் கவனித்தார்.

"என்ன கண்ணு, காய்ச்சலா?"

நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. கணக்குத் தேர்வு என்று பொய் சொன்னேன். அப்பா பொய் சொல்கிறாரோ என்று பயந்துகொண்டே நான் பொய் சொல்கிறேன். நல்ல குடும்பம்.

மார்ச் 14, சனி

பெட்டிக்காரர் கடைக்குப் போனேன். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். நானூறு மாடல்கள் வைத்திருக்கிறார், ஒன்றைக்கூடப் பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் பெயர். பலகை விஷயத்தைப் பாதி சொன்னதற்கே எழுந்து நின்றுவிட்டார்.

"தண்ணி ஊத்தினியா? டேங்கர்லயா? ஐயையோ! அதுக்குப் பதிலா என் நெஞ்சுல ஊத்தியிருக்கலாமே!"

மனம் கொஞ்சம் லேசானது. அவருக்குப் புதிதாக வந்த ஒரு பெட்டியின் ஜன்னல் வழியாக இருவரும் பார்த்தோம். "பாரு, டயரைத் திருப்பி மாட்டியிருக்கான். செஞ்சவன் தூங்கிட்டான்" என்று சிரித்தார். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால், பெரிய சக்கரத்தின் ரப்பர் பட்டைகள் வீட்டுக் கூரை போல மேலே கூம்ப வேண்டும். கவிழ்ந்த கூரையாகத் தெரிந்தால் திருப்பி மாட்டியது.

வீட்டுக்கு வரும் வழியில் மறுபடியும் பதினெட்டு டிகிரி ஞாபகம் வந்தது.

மார்ச் 16, திங்கள்

பள்ளி முடிந்து அம்மாவோடு பண்ணைக்குப் போனேன். அப்பாவின் மழைச்சட்டையும் பூட்ஸும் அங்கேயே இருந்தன. அவற்றை வாங்க அம்மா அலுவலகத்துக்குள் போனாள். நான் பட்டறைக்குப் பின்னால் போனேன்.

அங்கே நின்றது. நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்க மட்கார்டு நசுங்கி, விளக்குக் கண்ணாடி உடைந்து... கிட்டே போகவே பயமாக இருந்தது. பிறகு பழக்கம் வந்துவிட்டது. புகைக்குழாய் சரி, இருக்கை சரி, பெயர்ப்பலகையின் நிறம் சரி என்று என் மாடலோடு ஒப்பிட்டுக்கொண்டே சுற்றி வந்தேன். பின்னால் வந்து நின்றதும் வாய்விட்டே சொல்லிவிட்டேன்:

"தப்பு!"

இரண்டு பெரிய சக்கரங்களிலும் கூரை கவிழ்ந்திருந்தது.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெட்டிக்காரரிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது என்ற சந்தோஷம். அப்பாவின் காலை முறித்த வண்டியின் முன்னால் நின்றுகொண்டு! எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பிறகுதான் தோன்றியது. இது பொம்மை இல்லையே. இதைச் செய்தவன் எப்படித் தூங்குவான்?

மார்ச் 17, செவ்வாய்

ஆரஞ்சு டிராக்டரின் பின்சக்கரங்களைக் கழற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு திருகுதான். சக்கரத்தின் நடுத்தகடு தட்டையாக இல்லை, தட்டு மாதிரி ஒரு பக்கம் குழிந்திருக்கிறது. கழற்றிய பக்கத்திலேயே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டினேன்.

பின்னால் வைத்துப் பார்த்தேன். கவிழ்ந்த கூரை. பண்ணையில் பார்த்தது அப்படியே.

ஆனால் மாறியது அது மட்டுமில்லை. சக்கரங்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன! இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலுள்ள அகலம் குறைந்துவிட்டது. காலை அகட்டி நின்ற ஆள் காலைச் சேர்த்து வைத்து நிற்கிற மாதிரி.

பலகையில் வைத்தேன். முன்பைவிட வெகு சீக்கிரம் மேல்சக்கரம் தூக்கியது. சரிவில் ஒரு பென்சிலை வைத்து அதன் மேல் சக்கரத்தை மெதுவாக ஏற்றினேன், கல் மேல் ஏறுவது மாதிரி. பொத்தென்று சாய்ந்தது.

பொம்மையின் எடையும் வண்டியின் எடையும் ஒன்றில்லை என்பது தெரியும். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எட்டாம் தேதி செய்ததை வைத்தும் முடியாதுதானே? அதை மட்டும் ஏன் நம்பினேன்?

மார்ச் 18, புதன்

அம்மா கடையில், அக்கா கல்லூரியில். கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, பின்சக்கரம் ரெண்டும் திருப்பி மாட்டியிருக்கு."

அப்பா கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தார்.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"சொல்லாத."

பிறகு, என்னைப் பார்க்காமலேயே சொன்னார். செடி வரிசைகளுக்கு நடுவே வண்டி போக வேண்டும், சக்கரத்தை நெருக்கிவிடு என்று மேலாளர் முந்தின நாள் மாலை பண்ணை மெக்கானிக் மாமாவிடம் சொன்னாராம். முறைப்படி வலதை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்ற வேண்டும். இரண்டு ஆள் வேலை. மெக்கானிக் மாமா தனி ஆள். ஒவ்வொன்றாகத் தூக்கி அங்கேயே திருப்பி மாட்டிவிட்டார்.

"காலையில பார்த்தவுடனே தெரிஞ்சுது. என்னடா இதுன்னேன். ஒரு நாள் ஓட்டுங்கண்ணே, மாத்திடறேன்னான். சரின்னேன். மத்தியானம் மேலாளர் வந்து, அதே வண்டியில தண்ணி டேங்கரை கரைக்குக் கொண்டு போங்கன்னார். நெருக்கின சக்கரத்தோட சரிவுல ஏறக் கூடாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கும் சரின்னேன்."

"வேகமா போகலையே?"

"நடக்கிற வேகம்தான் கண்ணு."

எத்தனை நாளாகக் காத்திருந்த பதில்! வந்த பிறகும் பயம் போகவில்லை.

"அப்ப அதைச் சொல்லுங்களேன்."

"சொன்னா முதல்ல அவன் வேலைதான் போகும். கைக்குழந்தைக்காரன். எனக்கு ஓட்டத் தெரியும், எங்கயாவது ஓட்டிக்குவேன்."

மார்ச் 19, வியாழன்

நான் சொல்லவில்லை. அம்மாவே அப்பாவிடமிருந்து விஷயத்தைக் கறந்துவிட்டாள். சமையலறையிலிருந்து குரல் மட்டும் கேட்டது.

"அவங்க வீட்டுக் குழந்தை குழந்தை. நம்ம வீட்டுல இருக்கிறது ரெண்டும் என்ன, கத்திரிக்காயா?"

அக்கா என்னைப் பார்த்து, "நீ கத்திரிக்காய், நான் மனுஷி" என்றாள். அவளும் பயந்திருக்கிறாள். பயந்தால்தான் அவள் இப்படி உடனே ஜோக் அடிப்பாள்.

மார்ச் 21, சனி

மெக்கானிக் மாமா அப்பாவைப் பார்க்க வந்தார். ஒரு பை நிறையப் பழம். நான் டீ கொண்டு போனபோது மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி ரெடிண்ணே. திங்கக்கிழமையிலருந்து புது டிரைவர் ஓட்டப் போறாரு."

"சக்கரம்?"

"இப்ப கை வெச்சா ஏன்னு கேப்பாங்க. விசாரணை முடியட்டும்."

பேசக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"மாமா, அப்ப அந்தப் புது டிரைவர் அதே சக்கரத்தோடதான் கரைக்குப் போவாரா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"பொண்ணுகிட்ட சொல்லிக் கேக்க வைக்கிறீங்களாண்ணே?"

"நான் சொல்லலடா. அவளே பார்த்திருக்கா." அப்பா எழுந்து உட்கார முயன்றார். "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லு."

மாமா டீயைத் தொடாமல் எழுந்து போனார். வாசலில் செருப்பை மாட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா அந்த டீயை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "செவ்வாய்க்கிழமை வரைக்கும் இதை வெச்சிருக்க முடியாது. போனை எடும்மா" என்றார். மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நானும் தெரிஞ்சுதான் ஓட்டினேன், நீங்களும் தெரிஞ்சுதான் அனுப்பினீங்க" என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. "அந்த வண்டி நிக்கட்டும் சார். சக்கரத்தை மாத்துற வரைக்கும் யாரையும் ஏத்தாதீங்க."

நான் செய்தது சரியா? சரிதான். அப்புறம் ஏன் மாமா கையில் எடுத்துப் போன செருப்பே கண்ணில் நிற்கிறது?

மார்ச் 24, செவ்வாய்

கணக்குத் தேர்வு. அப்பாவிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. மூன்றாவது கேள்விக்கு மேல் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

நான் வீடு திரும்பியபோது, விசாரணைக்குப் போன ஆட்டோ வாசலில் நின்றது. அக்காவும் அம்மாவும் அப்பாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன், எதுவும் புரியவில்லை.

"என்ன ஆச்சு?"

"உள்ள போய்ச் சொல்றேன், முதல்ல கதவைத் திற, கத்திரிக்கா" என்றாள் அக்கா. அவள் சிரித்தது பயத்தில் இல்லை, நல்ல சேதிதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வேகம் என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு வேலை உண்டு, எழுத்து மூலம் எச்சரிக்கையும் உண்டு. மெக்கானிக் மாமாவுக்கும் அதே. மேலாளருக்கு என்ன என்று யாரும் சொல்லவில்லையாம்.

மாமா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

மே 11, திங்கள்

அப்பா வேலைக்குப் போனார். நொண்டல் கொஞ்சம் இருக்கிறது. பள்ளியில் நாள் முழுக்க ஜன்னலையே பார்த்தேன், குளத்துக் கரை அங்கிருந்து தெரியப்போவது போல. மாலையில் உடம்பெல்லாம் மண்ணோடு, முழுசாக வந்தார்.

"மாமா?"

"வந்தான். சாவியைக் குடுத்தான். போயிட்டான்."

மதியம் தனியாகச் சாப்பிட்டாராம். பதினைந்து வருடமாக இரண்டு பேரும் பட்டறை வாசலில் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

மே 14, வியாழன்

இன்றும் தனியாகத்தான்.

மே 20, புதன்

நான் அன்று கேட்காமல் இருந்திருந்தால்? அந்தப் புது டிரைவர் இன்று மாலை எங்கள் தெருவழியாகச் சைக்கிளில் போனதைப் பார்த்தேன். பின் இருக்கையில் அவர் மனைவி. இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு போனார்கள். கேட்டதுதான் சரி. ஆனால் அப்பா சாப்பாட்டுப் பையைத் திறக்கும்போது யார் எதிரில் இருக்கிறார்கள் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

மே 29, வெள்ளி

காலையில் அம்மா சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பூட்ஸ் கயிற்றை முடிந்தபடி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"கொஞ்சம் கூடவே வை. அப்புறம், ஸ்பூன் ரெண்டா போடு."

அம்மா எதற்கு என்று கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த அக்காவின் காலை நான் மிதித்தேன்.