கூட்டல் குறி விழுங்கிய மூட்டைகள்

ஜனவரி 20, 2025, திங்கள்

மக்காச்சோள சீசன். மண்டியில் மூச்சுவிட நேரமில்லை. மூட்டைகளின் எடை, பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நான் எழுதிய புரோகிராமில்தான் ஏறுகிறது. கிலோவைத் தட்டி எண்டர் அழுத்தினால் போதும். இன்று வடக்கனந்தல் விவசாயி காசியம்மாள் கணக்கில், அவர் கொண்டுவந்ததைவிட மூட்டைகள் குறைந்தன. அதற்குள் அவை குடோனில் மற்றவற்றோடு கலந்துவிட்டன. "எம் மூட்டைய எவ தின்னா?" என்று என் மேசை முன்னால் நின்று கத்தினார். முதலாளியம்மா ரங்கம்மாள் என் முகத்தையே பார்த்தார். அதுதான் கொதிக்கிறது. நானா திருடி?

ஜனவரி 21

நான் தட்டினால் எல்லாம் சரியாக ஏறுகிறது! நான் சாப்பிடப் போகும்போது, எனக்கு உதவிக்கு இருக்கும் மணிமொழி தட்டுவாள். அவளும் ஒழுங்காகத்தான் தட்டுவதாகச் சத்தியம் செய்கிறாள்.

தீனதயாளனுக்கு போன் செய்தேன். கல்லூரி லேபில் என் பக்கத்து கம்ப்யூட்டர் அவனுடையது. இப்போது கடைகளுக்கு சாப்ட்வேர் விற்கிறான். போன மாதம் இங்கே வந்து, மணிமொழி பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தான். இன்று போனில் கேட்டால், "எனக்கு இன்னா தெரியும் பிரின்சி? பெர்லெல்லாம் மறந்தே போச்சு" என்றான்.

ஜனவரி 22

இணையத்தில் தேடிக்கொண்டே இருக்கிறேன். ஒரே கேள்வியை எத்தனை விதமாகத்தான் கேட்பது?

ஜனவரி 23

ரங்கம்மாள் கூப்பிட்டார். "புது சாப்ட்வேர் வாங்கிடலாம்னு இருக்கேன். உன் புரோகிராம நம்ப முடியாதுன்னு தீனதயாளன் தம்பி சொல்லிக்கினு இருந்தாரு."

அவனா? என்னிடம் மறந்துபோச்சு என்றவனா?

ஜனவரி 24

கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம்.

புரோகிராமர்கள் உதவி கேட்கும் ஒரு தளம். டிசம்பரில் யாரோ கேட்ட கேள்வி. அதில் என் புரோகிராம் — நான் வைத்த பெயர்கள்கூட மாறவில்லை. கேட்டவன் தீனதயாளன். இங்கே வந்தபோது காப்பி எடுத்திருக்கிறான். 'தட்டுபவர் கால்குலேட்டர் பழக்கத்தில் எண்டருக்குப் பதில் + அழுத்துகிறார். 42+51+38 என்று மூன்று மூட்டை ஒரே வரியில் வந்தால், பெர்ல் 42-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறது. என்ன செய்வது?' அன்றே பதில் வந்திருக்கிறது: விசையை அழுத்தியவுடனே படிக்கச் செய், + வந்தாலும் எண்டராக எடுத்துக்கொள். அவனும் நன்றி சொல்லியிருக்கிறான்.

அடப்பாவி! கண்ணால பாத்திருக்கான். பதிலும் வச்சிருக்கான். நான் போன்ல கெஞ்சினப்போ எனக்கு இன்னா தெரியும்னானே!

உடனே கூப்பிட்டேன். "உங்க மண்டிய புடிச்சாதான் எனக்கு டார்கெட் முடியும். தப்பா எடுத்துக்காத பிரின்சி" என்றான்.

வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

ஜனவரி 27, திங்கள்

திருத்திவிட்டேன். மணிமொழியை உட்காரவைத்துத் தட்டச் சொன்னேன். + அழுத்தியதும் ஏறியது. "கால்குலேட்டர்ல இப்டித்தானக்கா தட்டுவோம்" என்றாள் பாவம்.

ரங்கம்மாளிடம் எல்லாவற்றையும் காட்டினேன். குடோனில் இருந்த மூட்டைகளை எண்ணிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தார்கள். காசியம்மாள் சொன்னதுதான் சரி, அத்தனை மூட்டையும் உள்ளேயே இருந்தது. "சரி, இதுவே ஓடட்டும்" என்றார் ரங்கம்மாள். என்னைச் சந்தேகப்பட்டது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 3

காசியம்மாள் மீதிச் சோளத்தில் ஒரு லோடு கொண்டுவந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று, மூட்டைக்கு ஒரு விரல் மடக்கிக்கொண்டே வந்தார். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். தீனதயாளன் செய்ததை அவரிடம் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. அடுத்த மூட்டையின் எடையைத் தட்டினேன்.

கடைசி மூட்டையும் ஏறியது.

"சரியாத்தாம்மா இருக்குது" என்றார். "அடுத்த லோடுக்கும் நான் இங்கியே நின்னுக்கினு இருக்கேன்."

"நில்லுங்கம்மா" என்றேன்.