வாயில் அடக்கிய கிராம்பு

என் அன்பு வாயாடி அக்காவுக்கு,

நெஞ்சிலிருந்த பாரம் இன்றைக்குத்தான் இறங்கியது. என் பள்ளிப் பிள்ளை தேவகி பாஸாகிவிட்டாள். யாரிடம் சொல்வதற்கு முன்னாலும் உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நீ கண்ணை மூடிய மறுவருஷம் மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். அதன் பிறகு எனக்கு வேலையும் வந்தது, பெண்கள் இடைநிலைப் பள்ளியில். தமிழ்ப் பள்ளி முடித்த பிள்ளைகள் ஆங்கிலம் பழகப் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருக்கிறார்கள். தடுமாறுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது என் வேலை. நீ சிரிப்பாய். கடையில் உப்பு கேட்கக்கூட உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். என்னை யார் என்ன கேட்டாலும் பதில் உன் வாயிலிருந்துதான் வரும்.

தேவகிக்குத் திக்குவாய். நம் காஜா பேராங் பக்கத்துப் பிள்ளைதான், கம்போங் செட்டிக் கோயிலுக்குப் பின்னால் வீடு. அவள் ஒரு சொல்லில் நின்றால் எனக்குப் பொறுக்காது, நானே முடித்துவிடுவேன். உன் தங்கைதானே. வருஷம் முழுக்க இப்படியே ஓடியது.

இன்றைக்குத் தலைமையாசிரியை முன் அவள் தனியாக ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் அடுத்த வகுப்பான படிவம் ஒன்றுக்குப் போக முடியாது, படிப்பையே நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். "பக்கத்தில் உட்காரலாம். நீங்கள் ஒரு சொல் எடுத்துக்கொடுத்தாலும் அவள் தோற்ற மாதிரிதான்," என்று தலைமையாசிரியை நேற்றே சொல்லிவிட்டார். அக்கா, எனக்குத் தேவகியைப் பற்றிப் பயமில்லை. என் வாயை நினைத்துத்தான் பயம்.

அப்போதுதான் உன் பல்வலி நினைவுக்கு வந்தது. பண்டார் ஹிலிர் துணிக்கடையில், கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு, "நீயே கேள்" என்று எனக்குக் கை காட்டினாயே. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக ஒரு கடைக்காரரிடம் வாய் திறந்தேன். "ரெண்டு கஜம் சீட்டித்துணி" என்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

காலையில் ஒரு கிராம்பை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

மூன்றாவது வரியில் தேவகி நின்றாள். என்னைப் பார்த்தாள். கிராம்பை நறுக்கென்று கடித்தேன். காரத்தில் கண்ணில் நீர் முட்ட, தரையைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் அந்தச் சொல் வந்தது, அவள் வாயிலிருந்தே. பக்கம் முடிய வெகுநேரம் ஆனது. ஆனாலும் முடித்தாள்.

"மெதுவாக வாசிக்கிறாள். ஆனால் வாசிக்கிறாள்," என்று தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் தேவகி, "அக்கா, உங்களுக்குப் ப... ப..." என்று ஆரம்பித்தாள். காத்திருந்தேன்.

"...பல்லு வலிக்குதா?"

"ஆமாம்மா, ரொம்ப," என்று கூசாமல் புளுகினேன்.

புளுகிய பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. துணிக்கடைப் படி இறங்கியதுமே உனக்குப் பேச்சு வந்துவிட்டதே. வீடு வரைக்கும் வாய் ஓயவில்லையே. அக்கா, அன்றைக்கு உனக்கு நிஜமாகவே பல்வலிதானா?

அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பேன், இது நான் உனக்குத் தரும் வாக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று நாலு கிராம்பைக் கைக்குட்டையில் முடிந்து கைப்பையில் வைத்திருக்கிறேன்.

இப்போது தானே கேட்டு வாங்கத் தெரிந்த,
உன் தங்கச்சி கனகம்