பூட்டாத மறியலறை

மீசையண்ணை,

நேற்று முதுகுக்கு ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தாதிப் பெண் ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டி, உடம்பில் உள்ளதையெல்லாம் கழற்றி இதற்குள் போடுங்கள் என்றாள். மணிக்கூடு, மோதிரம், பெல்ட், மூக்குக்கண்ணாடி எல்லாம் போட்டேன். சட்டையைக் கழற்றும்போது இடுப்பில் கிடந்த கறுப்புக் கயிற்றைக் கண்டுவிட்டாள். இது என்ன என்றாள். "உடம்பின் ஒரு பகுதி" என்றேன், நீங்கள் அன்று எழுதியபடியே. இரும்பு இல்லையென்றால் இருக்கட்டும் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் கூடவே சிரித்துவிட்டேன் போல, அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்கு வந்த சிரிப்பின் காரணம் உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அதுதான் வீட்டுக்கு வந்தவுடன் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மீசையண்ணை என்பது நாங்கள் உங்களுக்கு வைத்த பெயர். ஹம்பேர்க்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் தள்ளி, மனிதரைவிட மாடுகள் கூடிய அந்தச் சின்ன ஊரின் பொலிஸ்காரர் நீங்கள். பூட்டிக்கிடந்த பழைய விடுதியொன்றில் அகதிகளாக நாங்கள் ஆறு தமிழ்ப் பெடியள். திங்கட்கிழமைகளில் தலை எண்ண வருவீர்கள். முதலில் மீசை வாசலுக்குள் வரும், பிறகுதான் நீங்கள். பெயரின் அர்த்தத்தைச் சொன்ன அன்று கோபிப்பீர்கள் என்று பயந்தோம். நீங்களோ மீசையைத் தடவிக்கொண்டு, "அண்ணை எண்டால் என்ன?" என்று கேட்டீர்கள். தமையன் என்றதும், "அப்ப மீசையை எடுத்தாலும் அந்தப் பாதி மிஞ்சும்" என்றீர்கள். நீங்கள் கதைத்தது ஜேர்மன்தான். ஆனால் இத்தனை வருடத்தில் உங்கள் குரல் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று எங்கள் அகதி அட்டையில் எழுதியிருந்தது. தாண்டுவதென்றால் கந்தோரில் அனுமதித் துண்டு எடுக்கவேண்டும். மிளகாய்த்தூள் வாங்கவேண்டும் என்று போய் நின்றால் எந்தக் கந்தோர் துண்டு தரும்? மூன்று கிழமையாக உப்பும் மிளகும் போட்ட கறி. நாக்குச் செத்துப்போயிற்று. சீட்டுக் குலுக்கினோம், ஹம்பேர்க் ஸ்டேஷனடிக் கடைக்குப் போக என் பெயர் விழுந்தது. புறப்படும்போது தவம், அவன் என் அறைக்காரன், பெரிய சட்டத்தரணி மாதிரி ஒரு யோசனை சொன்னான்.

"அட்டையை விட்டிட்டுப் போ மச்சான். பிடிச்சாலும் நீ எந்த மாவட்டமெண்டு அவங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

எனக்கும் அது மகா புத்தியாகத்தான் பட்டது. திரும்பி வரும் ரயிலில் பிடித்தார்கள். அட்டை இல்லாதவன் யாரென்று உறுதிப்படுத்தும் வரைக்கும் அடைத்துவைக்க வேண்டுமாம். மத்தியானம் கொண்டுவந்து உங்கள் நிலையத்திலேயே இறக்கிவிட்டுப் போனார்கள்.

"அண்ணை, நீங்கள் என்னை ஒவ்வொரு திங்களும் எண்ணுறனீங்கள்தானே!" என்றேன்.

"எனக்கு உம்மைத் தெரியும். கடதாசிக்குத் தெரியாதே" என்றீர்கள்.

விடுதிக்குப் போய் அட்டையை எடுத்துவர வேண்டும். இருந்தது ஒரு கார். அதை உங்கள் சக பொலிஸ்காரர் கொண்டுபோயிருந்தார், யாரோ ஒருவரின் மாடுகள் வேலியை உடைத்துப் பெருந்தெருவுக்கு வந்துவிட்டனவாம். அவர் வரும்வரைக்கும் மறியல்.

பட்டியல் எழுதத் தொடங்கினீர்கள். உங்களுக்குப் பட்டியல் என்றால் சாப்பாடு தேவையில்லை. சப்பாத்து நாடா, இரண்டு. பெல்ட், ஒன்று. சிவப்புத் தூள், இரண்டு கிலோ, மணம் உண்டு. பிறகு சட்டையைத் தூக்கச் சொன்னீர்கள். கயிற்றைக் கண்டீர்கள். மறியலறைக்குள் போகிறவனிடம் கயிறு, நாடா, நூல் எதுவும் இருக்கக்கூடாது, கழுத்தில் போட்டுக்கொண்டு தொங்கிவிடுவான் என்பது விதி. மேசை லாச்சியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தீர்கள்.

இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டேன். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று காலையில் அம்மா கட்டிவிட்ட அரைஞாண்கொடி அது. மூன்று முடிச்சுப் போட்டு, "நான் உன்னைத் திரும்பக் காணுமட்டும் இடுப்பு வெறுமையாக் கிடக்கப்படாது" என்று சொல்லித்தான் அனுப்பினார். நூல் நைந்தால்கூடப் புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை எடுப்போம். எங்கள் ஆட்களுக்கு அதை அறுத்து இடுப்பை வெறுமையாக விடுவது ஒரே ஒரு தரம்தான், பிணத்தைக் குளிப்பாட்டும்போது. அங்கே ஷெல் விழுகிற ஊரில் அம்மா இருக்கிறார், இங்கே நான் உயிரோடு நிற்க ஒருவர் என்னைப் பிணமாக்கப் பார்க்கிறார்! என்னிடம் இருந்த ஜேர்மன் இருபது சொல். அத்தனையையும் கொட்டினேன்.

"அம்மா கட்டினது. நான் செத்தால் வெட்டு. இப்ப ஏலாது. அடியுங்கோ, வெட்டாதேங்கோ!"

உண்மையைச் சொன்னால், நீங்கள் ஓர் அடி முன்னால் வந்திருந்தால் உங்களை நான் அடித்திருப்பேன். என் வாழ்க்கை அங்கேயே நாசமாகியிருக்கும்.

நீங்கள் வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளை முழுக்க வாசித்தீர்கள். கத்தரிக்கோலைத் திரும்ப லாச்சிக்குள் வைத்து மூடினீர்கள்.

"கயிறோட ஆளை உள்ள விட்டுக் கதவைப் பூட்ட ஏலாது," என்றீர்கள். கொஞ்சநேரம் மீசையைக் கடித்தீர்கள். "பூட்டாட்டி?"

அப்புறம் நடந்ததை என் பிள்ளைகள் இன்றைக்கும் நம்புவதில்லை. என்னை உள்ளே கட்டிலில் இருத்தினீர்கள். கதவை ஆவென்று திறந்துவைத்து, வாசலுக்குக் குறுக்கே உங்கள் கதிரையையும் சின்ன மேசையையும் டைப்ரைட்டரையும் தூக்கிவந்து போட்டு, அங்கேயே இருந்து வேலை செய்தீர்கள். கோழி களவுபோன முறைப்பாட்டோடு வந்த ஒரு கிழவி எட்டிப் பார்த்து, "இதில ஆர் மறியல்காரன்?" என்று கேட்டார். நீங்கள் தலையை நிமிர்த்தாமல் கோழியின் நிறத்தைக் கேட்டீர்கள்.

மூன்று மணித்தியாலம் கழிந்தது. உங்களுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. கதவைப் பூட்டவும் முடியாது, என்னைத் தனியே விடவும் முடியாது. பாவம், நெளிந்து பார்த்தீர்கள். கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டுபோய்க் கழிவறைக்கு வெளியே நிறுத்தினீர்கள்.

"கதைச்சுக்கொண்டே நில்லும். சத்தம் கேட்டால் நீர் நிக்கிறீர் எண்டு தெரியும்."

"என்னத்தைக் கதைக்க?"

"என்னவெண்டாலும்!"

என் வாயில் வந்தது வாய்ப்பாடு. ஜேர்மன் பொலிஸ் நிலைய நடைபாதையில் நின்று, ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு என்று பள்ளிக்கூட ராகத்தில் கத்தினேன். ஏழெட்டில் தடக்கிவிட்டது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அதில் தடக்கும். ஏழெட்டு... ஏழெட்டு... யோசித்துக்கொண்டு நின்றேன். சத்தம் நின்றதுதான் தாமதம், கதவு படாரென்று திறந்தது. ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி, மீசையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நீங்கள்!

"ஐம்பத்தாறு," என்றேன் நான்.

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நாட்டை விட்டு வந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பின்னேரம் கார் வந்து, அட்டையும் வந்தது. கூடவே, முகத்தைத் தொங்கப்போட்டபடி தவம். பட்டியலில் கையெழுத்து வைக்கச் சொன்னீர்கள். கடைசி வரியில் இருந்தது: கழற்ற முடியாத உடற்பகுதி, ஒன்று. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் தந்தீர்கள். அதுவும் விதிதானே.

பல வருடம் கழித்து அம்மா ஹம்பேர்க்கில் வந்து இறங்கியபோது, முகத்தைப் பார்க்கமுதல் என் இடுப்பைத்தான் தடவிப் பார்த்தார். அதற்குள் எங்களுக்கு உறவாகிப்போயிருந்த நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். "பாத்தீங்களோ, பத்திரமாக் கிடக்கு" என்று அவருக்கு ஜேர்மனில் சொன்னீர்கள். ஏதோ அந்தக் கயிற்றை நீங்களே கட்டிவிட்ட மாதிரி ஒரு பெருமை.

போன வருடம் நீங்கள் நோயில் மெலிந்து, காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போனது. "உம்மட கயிறு ஒண்டை எனக்கும் கட்டிவிடும்" என்றீர்கள். குழந்தைக்குத்தான் முதன்முதல் கட்டுவது என்றேன். "எனக்கு எண்பதுதானே" என்றீர்கள். கறுப்பு நூல் வாங்கிவந்து கட்டினேன். அம்மா போட்ட மாதிரி மூன்று முடிச்சு.

"விதி என்ன?"

"செத்தால்தான் அறுக்கலாம்."

"ஆர் அறுக்கிறது?"

"சொந்தக்காரர்."

மீசையைக் கடித்து யோசித்தீர்கள். "அப்ப உம்மட நம்பரை என்ர மனுசியிட்டக் குடுத்து வையும்."

மாசி மாதத்தில் உங்கள் மனைவி எனக்கு ஃபோன் எடுத்தார். பிரேத அறைக்கு வீட்டுக் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். நான்தான் அறுத்தேன், அண்ணை. முடிச்சுகளை விட்டுவிட்டுப் பக்கத்தில் வெட்டினேன்.

பிறகு பெட்டியை மூடவேண்டும் என்று எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். உங்கள் மனைவி கையெழுத்து வைக்கப் போனார். நடைபாதையில் நான் தனியே. நான் நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் போல் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சத்தமாகவே சொன்னேன். ஓரெட்டு எட்டு. ஈரெட்டுப் பதினாறு. இடுப்பில் என் கயிறு, கைக்குள் உங்களுடையது. ஆறெட்டு நாற்பத்தெட்டு.

ஏழெட்டில் நிறுத்தினேன். தடக்கவில்லை, வேண்டுமென்றுதான் நிறுத்தினேன். கொஞ்சநேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நானே சொன்னேன், ஐம்பத்தாறு என்று.