புரியவில்லை என்று சொல்லும் வகுப்பு

12 ஜூன் 1979, செவ்வாய்
மழை இல்லை. பத்து முதல் பன்னிரண்டு வரை வகுப்பு. ஐந்து பேரும் வந்தார்கள். பாடம் பதினெட்டு: மேலதிகாரி அழைத்தால் எழுந்து நிற்பது, குறுக்கே பேசாமல் கேட்பது, "சரிங்க" என்று சொல்லி நகர்வது.

பள்ளிப் படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருக்கும் மலைப் பிள்ளைகளைப் பழக்கித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டபோது, மறுக்கத் தைரியமில்லாமல் ஒப்புக்கொண்டேன். முப்பத்துநான்கு வருடம் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவனுக்கு இதாவது தெரியும் என்று நினைத்திருப்பார். தெரியுமா?

வியாழனன்று போளூரில் டாக்டர் பிலிப்ராஜின் ஆஸ்பத்திரியில் நேர்முகம். மருந்து எடுத்துக் கொடுக்க இரண்டு பேர் வேண்டுமாம்.

14 ஜூன், வியாழன்
முதல் பஸ்ஸில் ஐவரையும் ஏற்றிவிட்டேன். நகம், தலைமுடி, சான்றிதழ் உறை – இரண்டு தடவை சரிபார்த்தேன்.

18 ஜூன், திங்கள்
ஒருவரும் தேறவில்லை. டாக்டர் எழுதியிருக்கிறார்:

"நல்ல பிள்ளைகள். பணிவு அதிகம். மருந்துச் சீட்டில் மூன்றாவது பெயரை வேண்டுமென்றே கிறுக்கி வைத்தேன். ஐந்து பேரும் 'சரிங்க டாக்டர்' என்று போய், கைக்குக் கிடைத்த பாட்டிலை எடுத்து வந்தார்கள். இது என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இங்கே அது ஆளைக் கொல்லும். ஜூலை பதினாறாம் தேதி மறுபடி அனுப்புங்கள். அன்றும் இப்படியென்றால் ஊரிலேயே ஆள் பார்த்துக்கொள்கிறேன்."

பாடம் பதினெட்டு என்னுடையது. பிள்ளைகள் அதை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்கள்.

வீட்டில் மனைவி தெரசம்மாளிடம் கடிதத்தைக் காட்டினேன். "நாப்பது வருசமா, கொழம்புல ஏன் உப்பு இல்லன்னு ஒரு வார்த்த கேட்டவரா நீங்க? நீங்க போயி அதுங்களுக்குக் கேக்கக் கத்துக் குடுக்கப் போறீங்களா? இன்னா கூத்து இது!"

அப்படியானால் உப்பில்லாதது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

21 ஜூன், வியாழன்
பாடம் பதினெட்டை அடித்துவிட்டேன். இன்று வேண்டுமென்றே வாய்க்குள் முணுமுணுத்து ஒரு முகவரி சொன்னேன். ஐந்து பேரும் எழுதினார்கள். ஐந்து ஊர்கள்.

ஏன் கேட்கவில்லை என்றேன். செந்தாமரைதான் பேசினாள். சாமை விதைக்கிற குடும்பத்துப் பெண். எழுத்து முத்து முத்தாக இருக்கும். "பெரியவங்க சொன்னத திருப்பிக் கேட்டா, எதுத்துப் பேசறான்னு எங்க வூட்ல திட்டுவாங்க சார்."

"நீங்க யாரையாச்சும் அப்பிடிக் கேட்டு நாங்க பாத்ததில்லயே சார்" என்றான் ராஜவேலு. அவன் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

27 ஜூன், புதன்
ஐவரையும் தபால் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். போஸ்ட்மாஸ்டர் தாண்டவராயன் வாயைத் திறந்தால் மூச்சு விடாமல் பேசுவார். பார்சல் எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்டேன். கடகடவென்று ஒப்பித்தார். வழக்கமாக இந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

"புரியலீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

"இன்னா சார், பி.ஏ. படிச்ச உங்களுக்கே புரியலன்னா நான் யாருக்குத்தான் சொல்றது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மறுபடி சொன்னார். கடைசிப் பகுதி அப்போதும் பிடிபடவில்லை. போய்விடலாமா? பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவையும் கேட்டேன்.

"துணி சுத்தி, தெச்சு, தையல் மேல அரக்கு வெக்கணும் சார்! அவ்ளோதான்!"

அவ்வளவுதான். என் உயிர் ஒன்றும் போகவில்லை.

28 ஜூன், வியாழன்
"சார், நாலாவது வரி புரியல." செந்தாமரை. சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டேன்.

16 ஜூலை, திங்கள்
கடைசி பஸ் வரும்வரை நிலைகொள்ளவில்லை. பஸ் நிற்கும் முன்னே ராஜவேலு குதித்தான். "சார், இவ டாக்டரையே மூணு வாட்டி நிறுத்திட்டா! இது இன்னா எழுத்துன்னு கேட்டா. அவரு கண்ணாடிய மாட்டிப் பாத்துட்டு, தனக்கே தெரியலன்னு சிரிச்சிட்டாரு!"

செந்தாமரைக்கும் ராஜவேலுவுக்கும் வேலை. மற்ற மூவரும் புரியாததைக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் இடம் இரண்டுதான். அவர்களுக்கு நாளை வழக்கம்போல் வகுப்பு. பெருமைப்படலாமா? இன்று ஒரு நாள் படுகிறேன்.

தெரசம்மாளிடம் குழம்பில் உப்பு குறைவு என்றேன். உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

3 செப்டம்பர், திங்கள்
இருமல் விடவில்லை. போளூர் போனேன். மருந்து ஜன்னலில் செந்தாமரை. என்னைப் பார்த்ததும் எழுந்தவள், பின்னால் இருந்த வரிசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அது சரி. மாத்திரைகளைக் காட்டி ஏதோ சொன்னாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா" என்று பொட்டலத்துக்குக் கை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. "இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க சார்."

சொன்னேன். தப்பு. மறுபடி சொன்னேன். அதுவும் தப்பு. வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் அவசரப்படவில்லை. மூன்றாம் தடவை சரியாகச் சொன்ன பிறகுதான் பொட்டலத்தை விட்டாள்.

வெள்ளை: காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு. மஞ்சள்: அரை, இரவு மட்டும்.