பூங்கொடி அக்காவின் முள்வேலி

இன்று காலை அரியலூரில் என் அலுவலகத்துக்குப் பின்னால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் குவித்து எரித்தார்கள். ஜன்னலைச் சாத்தியும் புகை உள்ளே வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் இருமினார். எனக்கு உன் நினைவு வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கடுதாசி எழுதினால் எந்த விலாசத்துக்கு அனுப்புவாய் என்று கிண்டல் செய்வாய். பரவாயில்லை, எழுதுகிறேன்.

பிளஸ் டூ காலாண்டு விடுமுறையில் நம் பள்ளியின் நலப்பணி முகாமுக்குப் போனோமே, வேப்பந்தட்டைக்கு மேற்கே அந்த ஊருக்கு. அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து ஏழு நாள் தங்கினோம். கோயிலைக் கூட்டினோம், தண்ணீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். நான்தான் குழுத் தலைவி. என் அலட்டல் தாங்கவில்லை என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். இரண்டாம் நாள் வண்டிப்பாதையைச் சுத்தம் செய்யப் போனோம். ஓரம் நெடுகக் காய்ந்த முள் சரிந்து கிடந்தது. பெரம்பலூர் டவுனில் வளர்ந்த எனக்கு அது குப்பையாகத்தான் தெரிந்தது. இழுத்துப் போட்டுக் கொளுத்தச் சொன்னேன்.

"யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்வோம்டி" என்றாய்.

"முள்ளுக்கெல்லாமா சொந்தக்காரன் இருப்பான்?" என்று நான் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதை பளிச்சென்று ஆகிவிட்டது. சார் படம்கூட எடுத்தார்.

அது பூங்கொடி அக்காவின் வேலி. குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தார். மாமியாருக்கு உடம்பு முடியாமல் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கூட இருந்துவிட்டு, நான்காம் நாள் காலைதான் ஊர் திரும்பினார். வந்த கையோடு நேராக நம்மிடம் வந்தார். நாம் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"என் வேலிய எரிச்சது யாரு? முழங்கா ஒசரம் நின்ன சோளம், பாதிய ஆடு மேஞ்சிட்டுப் போயிருச்சு. வருசத்துக்கு இந்த ஒரு வெள்ளாமதான் எனக்கு. சேவ செய்ய வந்தீங்களா, வவுத்துல அடிக்க வந்தீங்களா?"

எழுந்திருக்க வேண்டியவள் நான். தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்தாய்.

"நாங்கதாங்க்கா எரிச்சோம். தெரியாம செஞ்சுட்டோம். நாங்களே கட்டித் தரோம்."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ பார்த்தால் மற்றவர்களும் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தாயோ என்னவோ.

ஊர்ப் பெரியவர்களிடம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார் சார். நீ அதற்குக் காத்திருக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அக்காவின் பின்னாலேயே நடந்தாய். மீதி நாலு நாளும் நமக்கு அதுதான் வேலை. கவைக்கோலால் நீ முள்ளை அமுக்கிப் பிடிப்பாய், நான் அரிவாளால் வெட்டுவேன். அக்கா திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். "தூரு உள்ள, முள்ளு வெளிய. இதுகூடத் தெரியாம என்னாத்தப் படிக்கிறீங்க?" மேய்ந்து போன இடத்தில் தட்டைப்பயறு ஊன்றினோம். கடைசி நாள் அவித்த கடலை கொடுத்தார். ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை. பயறு சோளத்துக்கு ஈடாகுமா?

நிறைவு விழாவில் சிறந்த தலைவி என்று எனக்குத்தான் சான்றிதழ். எல்லோரையும்விட நீ பலமாகக் கைதட்டினாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நான்தான்னு அக்காகிட்ட சொல்லியிருக்கணுமாடி?" என்று கேட்டேன். "சொல்லணும்னு தோணுனா சொல்லு. நான் சொல்லவும் மாட்டேன், ஏன் சொல்லலன்னு கேக்கவும் மாட்டேன்" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம். கடைசிவரை நீ கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

நீயோ பொங்கலுக்குப் பொங்கல் அக்காவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாய். அவர் மகளை நர்சிங்கில் சேர்க்க அலைந்ததும் நீதான். அதனால்தான் உன் சாவுக்கு அழுதுகொண்டே வந்து இறங்கினார். பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு முள்ள எரிக்கச் சொன்னது நான்தாங்க்கா."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அது அன்னிக்கே தெரியும் கண்ணு. நாலு நாளும் உன்னய என்கிட்ட தனியா வுடாம கூடவே நின்னாளே அவ. நான் எதுனா கோவத்துல சொல்லிப்புட்டா நீ தாங்க மாட்டேன்னுதான அப்புடி நின்னா?"

அடிப்பாவி. அக்காவின் சோளத்துக்காகத்தான் நீ அந்தப் பாடு பட்டாய் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று நான் அழுத அழுகையைப் பார்த்து உன் அம்மாவே வந்து என்னைத் தேற்றினார்கள்.

உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். யாராவது தவறு செய்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தால், என்ன செய்தார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னால் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லா நேரமும் நிற்பதில்லை, உன் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. ஆனால் தோன்றுகிறது. அது உன்னிடமிருந்து வந்தது.