ஐந்து ஓட்டு, நாலு ஓட்டு, இரண்டு ஓட்டு

3 ஜூன் 1974
மன்னார்குடியிலிருந்து முதல் பஸ். கிராமத்துப் பள்ளிக்கூட அறையில் என் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. நிலக்காரர் பஞ்சநதத்துக்கு ஐந்து ஓட்டு. குத்தகை விவசாயி வீரையனுக்கு நாலு. நில உச்சவரம்புச் சட்டத்தில் ஒரு மா, அதாவது கால் ஏக்கருக்குச் சற்று மேல், நிலம் கிடைத்த கூலிக்காரர் காளியம்மாளுக்கு இரண்டு. பத்துப் புளியங்கொட்டையைப் பங்கிட வேண்டும். ஆறு ஓட்டு சேர்ந்தால் முடிவு. எந்த இரண்டு பேர் சேர்ந்தாலும் ஆறு தேறும், ஆகவே மூவருக்கும் ஒரே பலம். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

மூன்று ஆட்டத்திலும் பத்தும் பஞ்சநதத்துக்கே போயின.

"கொட்டைதானே டீச்சரம்மா. ஐயாவே வச்சுக்கட்டும்" என்றார் காளியம்மாள்.

5 ஜூன்
பஞ்சநதத்துக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. வாய்க்கால் தண்ணீர் முதலில் யாருக்கு என்பதற்கும் இதே கணக்கில் ஓட்டு வைக்கலாம் என்று ஊரில் சொல்லிவிட்டார். அவர் நிலம் தலைமடை. மற்ற இருவருக்கும் வாய்க்காலின் கடைசியில், கடைமடை. ஐயோ, நான் கட்டுரை எழுத வந்தவள்.

8 ஜூன்
என் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர் குஞ்சிதபாதம் கடிதம்: "கொட்டைக்கு யார் சண்டை போடுவார்? சோதனையின் அமைப்பை மாற்று."

பத்து மாம்பழம் கொண்டுபோனேன். பஞ்சநதத்துக்கு ஆறு, மற்றவர்களுக்கு இரண்டிரண்டு. முன்னேற்றம்தான். நீங்கள் இருவரும் ஏன் சேரவில்லை என்று கேட்டேன். காளியம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஐயா எதிர்லயே இருக்காரே. நாளைக்கு நடவுக்கு யாரு கூப்பிடுவா?"

பஞ்சநதத்தை நாற்காலியிலும் மற்றவர்களைத் தரையிலும் உட்கார வைத்தது யார்? நான்தான்.

11 ஜூன்
மூன்று பேரும் மூன்று அறையில். பெயர் கிடையாது; சிவப்பு, நீலம், பச்சை. யாருக்கு எத்தனை என்று எழுதிய சீட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை ஓடுவது நான். பஞ்சநதத்துக்கு ஒரு பழம்கூட இல்லை. "யாரும்மா அந்தப் பச்சை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சந்தோஷம். அப்புறம் சந்தேகம் — சீட்டைப் படித்துக் காட்டும்போது காளியம்மாள் என் முகத்தைத்தானே பார்த்தார்? நான் சிரிச்சேனா? சிரிச்சிருப்பேன். போச்சு, அதைப் பார்த்தே ஓட்டுப் போட்டிருப்பார்.

15 ஜூன்
தண்ணீர் ஓட்டு நாளை மறுநாள். பஞ்சநதம் சொன்னார்: "சீட்டு கீட்டெல்லாம் வேணாம். கையைத் தூக்கினா போதும்."

என்னைவிட நல்ல ஆராய்ச்சியாளர்.

17 ஜூன்
வாய்க்கால் கரை, வெயில், ஊரே நின்றது. முதல் தண்ணீர் கடைமடைக்கா என்று கேட்டதும் காளியம்மாள் கையைத் தூக்கினார். பஞ்சநதம் அவரையே பார்த்தார். கை இறங்கவில்லை. வீரையன் வேட்டியைச் சரிசெய்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் தானும் தூக்கினார். ஆறு.

"எப்படிக்கா?" என்றேன்.

"மாம்பழம் இல்லேன்னா உசிரா போயிடும்? இது தண்ணி."

என் அட்டவணையில் இதற்குக் கட்டமே இல்லை.

6 ஜூலை
காளியம்மாள் வயலில் நடவு. ஆள் பத்தவில்லை என்று என்னையும் இறக்கிவிட்டார். நான் நட்ட வரிசையை மட்டும் பிடுங்கித் திரும்ப நட்டார்கள். நடுவில் பஞ்சநதம் ஆள் அனுப்பினார், தன் நடவுக்கு உடனே வரச் சொல்லி.

காளியம்மாள் நிமிராமலே சொன்னார்: "நம்மது முடியட்டும். நாளைக்கு வர்றேன்னு சொல்லு."